பாவுக்குள் போன பார்கோடு

கடையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பவித்ரா கேட்டாள். நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கிறவள் அவள். மேசை அதேதான். மேசைமேல் இருந்த வேலைதான் ஆவியாகிவிட்டது. இன்றைக்குத் தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடுகிறது. கழியாமல் மிஞ்சுவதும் இரண்டொரு நாளில் போனில் மணியடித்துக்கொண்டு வந்து விழுந்துவிடுகிறது.

"அண்ணே, பெட்டியில இருக்கிற பார்கோடைக் கத்திரிச்சு தபால்ல அனுப்பினாத்தான் கேஷ்பேக் வருமாமே? நிஜமாவா, இல்ல எஸ்தர் மேடம் சும்மா சொல்லிகினு இருக்காங்களா?" என்றாள்.

"நிஜம்தாம்மா."

"அனுப்பினா வந்துடுமா?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது. வேறு உத்தியோகம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆரணி பஜாரில் வீட்டு உபயோகப் பொருள் கடை. டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டர். சேர்ந்த புதிதில் பெட்டி தூக்கினேன். பிறகு பேசச் சொன்னார்கள், பேசினேன். ஒரே இடத்தில் நிற்க வராது எனக்கு. வாடிக்கையாளரை ஃபிரிட்ஜிடம் நிறுத்திவிட்டு நான் டிவியிடம் போய்விடுவேன், திரும்பி வருவதற்குள் அவர் வெளியே போயிருப்பார். இவனை உட்கார வைக்க வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையைக் காட்டினார். 'க்ளெய்ம் செக்ஷன்' என்று யாரோ சாக்பீஸால் சுவரில் எழுதியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டு நான் வீட்டுக்குப் போகும் வரை அதை யாரும் அழிக்கவில்லை.

கற்றுக்கொண்டதெல்லாம் எஸ்தர் மேடத்திடம். கணக்குப் பிரிவுத் தலைவி. என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் என்னை 'வாப்பா, போப்பா' என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு தயக்கமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் முதல் குரல். கடையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. செருப்பை மேசைக்கு அடியில் கழற்றி வைத்துவிட்டு, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்து மேலே படிப்பார். கம்பெனிக்காரன் அனுப்பும் பளபள நோட்டீசைத் திருப்பிப் பிடித்து, எறும்பு ஊர்ந்தது போன்ற கடைசி வரியில் விரலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக ஏறுவார். மேலே வந்து சேரும்போது, அங்கே சிரித்துக்கொண்டிருக்கும் நடிகையின் முகத்தை விரல் தொட்டதும், நோட்டீசைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"கீழ இருக்கிறதுதான்ப்பா ஆஃபர். மேல இருக்கிறது படம்."

ஆஃபர் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். பொருளை முழு விலைக்கு வாங்க வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் பார்கோடை, வரிசை எண்ணோடு சேர்த்து, மூலை மடங்காமல் வெட்டி எடுக்க வேண்டும். பில்லின் நகல், அடையாள அட்டையின் நகல், கையெழுத்திட்ட விண்ணப்பம். எல்லாம் ஒரு உறைக்குள். பில் போட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கம்பெனி யோசிக்கும். யோசித்து முடித்ததும் செக் வரும், அல்லது வராது.

மேடம் சொன்ன முறை இது: பார்கோடின்மேல் செல்லோடேப் படக்கூடாது, வெளிச்சம் பட்டால் மினுங்கி மிஷினுக்குப் படிக்க வராது. ஸ்டேப்ளர் கூடவே கூடாது. வெட்டும்போது கோடுகளுக்கு வெளியே கட்டைவிரல் அகலம் அட்டை மிச்சம் இருக்க வேண்டும். வெட்டியதை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து நான்கு மூலையிலும் பசை தொட்டு ஒட்டி, அந்தத் தாளைத்தான் நகல் எடுக்க வேண்டும். உறையை மூடுவதற்கு முன்னால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும்.

"எதுக்கு மேடம் காட்டணும்?"

"நாளைக்கு வரலன்னா, நாம போடவே இல்லன்னு சொல்லுவாங்கப்பா. சொல்லட்டும். ஆனா அவங்களுக்கே தெரியணும், போட்டோம்னு."

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் உறைகள் திரும்பி வந்தன. கையெழுத்துச் சரியில்லை என்று வரும். நகல் மங்கல் என்று வரும். ஒன்றுமே சொல்லாமலும் வரும். மறந்துபோகிறவர்களையும் அலுத்துப்போகிறவர்களையும் நம்பித்தான் அந்தத் திட்டத்தையே யாரோ ஒரு நகரத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அலுத்துக்கொள்வார்கள், திட்டுவார்கள், மறக்க மாட்டார்கள்.

தெள்ளாரிலிருந்து ஒரு விவசாயி வந்து டிவி வாங்கினார். பார்கோடை வெட்டி எடுத்து வாங்க ஐயா என்றேன். அடுத்த வாரம் பஸ் மேல் கட்டி முழுப் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினார். "வெட்டறது தப்பாப் போச்சுன்னா? நீங்களே வெட்டிக்கங்க." பெட்டிக்கு அரை டிக்கெட் வாங்கிவிட்டான் கண்டக்டர் என்று அவருக்கு வருத்தம். அந்த அரை டிக்கெட்டையும் கம்பெனியிடம் கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். ஃபிரிட்ஜ் வாங்கிய சாமுவேல் வாத்தியாருக்கு வேறொரு கதை. விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை ஒரு கட்டத்தில் எழுதினார். செக் அப்பா பெயருக்கே வந்துவிட்டது. அப்பா கல்லறையில் இருக்கிறார். வாத்தியார் செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உயிரோட இருந்தப்போ இந்த மனுஷனுக்கு ஒரு மணியார்டர் வந்தது கிடையாது." வங்கிக்கு அவர் போகவில்லை. செக்கை அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்று சேவூர் தேவகியுடையது.

தேவகியும் அவள் புருஷன் ஏகாம்பரமும் சேவூரில் சொந்தத் தறி வைத்திருப்பவர்கள். அவர் நெய்வார், அவள் தார் சுற்றுவாள். அதாவது, குறுக்கே ஓடும் பட்டு இழையை ராட்டையில் சின்னக் குச்சிகளில் சுற்றி, தறியில் இடமும் வலமும் ஓடும் நாடாவுக்குள் போட அவர் கையில் கொடுப்பாள். ஒரு தீபாவளிக்கு முந்தைய மழை மாதத்தில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவள் நேராக வாஷிங் மெஷின் பக்கம் போனாள். அவர் நேராக வாசல் பக்கம் போய், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவருக்கு இஷ்டமில்ல சார்," என்றாள், எனக்கும் அவருக்கும் சேர்த்துக் கேட்கும்படி. "கையால துவைக்கிறதுக்கு இன்னா கேடுன்னு கேக்கறாரு. கேடு இதுதான்."

உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. வெயிலில் வரப்பு வெடிக்குமே, அப்படி. வெடிப்பு வலிக்குமா என்று கேட்டேன்.

"வலிச்சா பொறுத்துக்கலாம். பட்டு மாட்டுது சார். இழை விரல்மேல ஓடும்போது வெடிப்புல மாட்டி நாராக் கிளம்பிடும். அந்தத் தாரை வெச்சு நெய்தா புடவையில தெரியும். பட்டு குடுக்கிற முதலாளி விரலால தடவிப் பாத்தே சொல்லிடுவாரு, இந்த இடத்துல உன் பொண்டாட்டி துணி துவைச்சுட்டு வந்து உக்காந்திருக்கான்னு."

வாசலில் நின்றவர் திரும்பாமலே சொன்னார்: "தவணை யாரு கட்டுறது?"

"அதான் கம்பெனிக்காரன் திருப்பித் தர்றானே. அந்தப் பணத்துல மூணு தவணை போயிடும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"தருவானா சார்?" என்று என்னைக் கேட்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"முறைப்படி அனுப்பினா தருவாங்க," என்றேன். மேடம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த வாக்கியம் அது. அதில் 'முறைப்படி' என்ற சொல் மட்டும்தான் எங்களுடையது.

"அப்ப ஒரு பேச்சு," என்றார் ஏகாம்பரம். "கம்பெனிக்காரன் கொடுத்தா மிஷினு நம்ம வூட்ல. கொடுக்கலன்னா கண்ணமங்கலத்துல என் தங்கச்சி வூட்டுக்குப் போயிடும். அவங்க மளிகைக் கடை வெச்சிருக்காங்க, மிச்சத் தவணைய கட்டிக்குவாங்க. ஏற்கெனவே கேட்டுகினுதான் இருக்கா. சரியா?"

தேவகி கொஞ்ச நேரம் மெஷினின் மூடியைத் திறந்து மூடினாள். "சரி," என்றாள்.

பில் போடும்போது இருவரிடமும் சொன்னேன்: பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் பார்கோடு வரவில்லை. போன் செய்தால் தேவகி, "இருக்கு சார், இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மேடம் கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார். "நேர்ல போய்ப் பாருப்பா. ஒளிஞ்சிகினு பேசற மாதிரி இருக்கு அந்தக் குரலு." உட்கார்ந்திருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு வண்டிச் சாவி போதும். வயலும் வீடும் மாறி மாறி வரும் சேவூர் சாலையில், ஈரக் காற்றில், போய் இறங்கினேன்.

முன்கூடத்தில் தறி. குழிக்குள் காலை விட்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். தறிக்கு நாலடி தள்ளி வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தறி ஒரு தாளம், மெஷின் ஒரு தாளம். ஒன்றை ஒன்று மதிக்காமல் இரண்டும் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பெட்டி எங்கம்மா?"

"தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னீங்க. போடல சார்."

"எங்க இருக்கு?"

அவள் தறியைப் பார்த்தாள். ஏகாம்பரம் நாடாவை நிறுத்தினார்.

"நல்ல அட்டை சார்," என்றார். "அந்த மாதிரி அட்டை கடையில கூட கிடைக்காது. மறுநாளே புதுப் பாவு சுத்தற நாளு. உள்ள நெளிநெளியா இருக்கிற அட்டையை உரிச்சுட்டு மேல்தாளை மட்டும் எடுத்து, பாவுக்கு நடுவுல வெச்சுட்டேன்."

எங்கள் பக்கத்தில் தறி பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று புடவைக்கான நீள இழைகளையும் ஒரே பாவாகத் தெருவில் நீட்டி, விறைப்பாக இழுத்து, ஒரு மர உருளையில் சுற்றி, அதைத் தறியில் ஏற்றுவார்கள். சுற்றும்போது மேல் அடுக்கு இழை கீழ் அடுக்குக்குள் புதைந்து அறுந்துவிடாமலிருக்க, இடையிடையே தாள் வைப்பார்கள். நெய்ய நெய்ய உருளை அவிழும். அவிழ அவிழத் தாள் ஒவ்வொன்றாக வெளியே விழும். கடைசியில் வைத்தது முதலில் வரும். தேவகியின் பார்கோடு அந்த உருளைக்குள் எங்கோ, பட்டுக்கு நடுவில், படுத்திருந்தது.

எந்த நெசவாளி வீட்டிலும் நல்ல அட்டை குப்பைக்குப் போகாது. நான் 'தூக்கிப் போடாதீர்கள்' என்று சொன்னதை அவர்கள் கடைப்பிடித்திருந்தார்கள். அவ்வளவுதான்.

"எந்த இடத்துல வரும்?" என்றேன்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாளை ஒருமுறை மனதில் சுற்றிப் பார்த்தார் போலிருக்கிறது. "ரெண்டாவது புடவை முடியற எடத்துல. இப்ப மொதல் புடவை முந்தானைகிட்ட வந்துட்டேன். இருக்கிற வேகத்துக்கு, உங்க தேதி தாண்டி ஒரு வாரம் ஆவும்."

"பாவைப் பிரிக்க முடியாதா?"

"பிரிக்கலாம். தறியிலருந்து இறக்கணும். மழை வுடணும். தெருவுல நீட்ட நாலு ஆள் வேணும். அறுந்த இழையை ஒண்ணொண்ணா முடியணும். ஒரு துண்டு அட்டைக்காகப் பட்டை அறுக்கச் சொல்றீங்களா சார்?"

அதில் கோபமோ கேலியோ இல்லை. நியாயம்தான் இருந்தது, அது அவர் பக்கம் இருந்தது. தேதியும் அவர் பக்கம் இருந்தது. கண்ணமங்கலத்துத் தங்கச்சி வீட்டில் மெஷினுக்கு இடம்கூட ஒதுக்கியிருப்பார்கள்.

தேவகி ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நூல் கண்டிலிருந்து ஒரு இழையை இழுத்து விரல்மேல் விட்டுப் பார்த்தாள். பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னாள்:

"விடுங்க சார். இவரால அதுக்குள்ள முடியாது. வயசாவுதில்ல. எதிர் வூட்டுக்காரரா இருந்தா முடிச்சுக் குடுத்திருப்பாரு."

"எவன்?" என்றார் ஏகாம்பரம்.

"நான் ஒண்ணும் சொல்லல. இருக்கிறதச் சொன்னேன்."

"அவன் அடிக்கிற அடிக்கு புடவை கொசுவலை மாதிரி இருக்கும். அவனா?"

"கொசுவலையோ பாயோ, தேதிக்குள்ள முடிப்பாருல்ல."

ஏகாம்பரம் குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்தார். என்னைப் பார்த்தார். "சார், இவ என்னை ஏத்தி விடறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருக்கா. தெரியும். வேகமா நெய்யறது எனக்கு ஒண்ணும் பெருசு இல்ல. தார் வரணுமில்ல? நான் அந்த வேகத்துல போனா இவ கையால ஈடு கொடுக்க முடியுமா? இழை மாட்டுது இழை மாட்டுதுன்னு நின்னுடுவா."

தேவகி எழுந்து வந்து விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு வாரமாக அந்தக் கை சோப்புத் தண்ணீரைத் தொடவில்லை. வெடிப்புகள் மூடிக்கொண்டு வந்தன. ஓரங்களில் மட்டும் வெளுத்த கோடுகள்.

"நிக்க மாட்டேன்," என்றாள்.

அவர் விரல்களைப் பார்த்தார். காலை மறுபடி குழிக்குள் இறக்கினார். "சார், வழி வுடுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

அன்றிலிருந்து கடையில் என் வேலை மாறிப்போனது. காலையில் மேடம், "எத்தனை முழம்ப்பா?" என்று கேட்பார். நான் சேவூருக்குப் போன் செய்து கேட்டுச் சொல்வேன். பஜாரில் வேறு எந்தக் கடையிலும் கேஷ்பேக்கை முழக் கணக்கில் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் சும்மா இராமல், அந்தப் பக்கம் டெலிவரி போகும் வண்டியில் தொற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஏகாம்பரம் பேச மாட்டார். தேவகியின் ராட்டை நிற்காது. இடையில் ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, மழை வெளிச்சத்தில் நெய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "இன்னாடி பேஜாரு, கல்யாணத்துக்கா இவ்ளோ ஜல்தி?" என்று கேட்டாள். "ஆமாக்கா, அட்டைக்குக் கல்யாணம்," என்றாள் தேவகி.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. எழுதி வைக்கவில்லை, இப்போது சொல்கிறேன். எதிரெதிராக ஒரு பேச்சைக் கட்டிக்கொண்ட இரண்டு பேர், ஒரே உருளையை இரண்டு முனையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோற்பதற்காக அவர்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாள் வெளியே வந்தது. போன் வந்ததும் போய்விட்டேன். உருளையை அவர் ஒரு சுற்று தளர்த்தினார். பழுப்புத் தாளின் விளிம்பு பட்டுக்குக் கீழே நாக்கு நீட்டியது. ஒரு தாள் இல்லை, இரண்டு. அச்சு மை பட்டில் ஒட்டிவிடக்கூடாது என்று, அச்சுப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு தாளாகச் சேர்த்து வைத்திருந்தார். தேவகி நகத்தால் மெல்லப் பிரித்தாள்.

பார்கோடு இருந்தது. கறுப்புக் கோடுகள் இருந்தன. அவற்றுக்குக் குறுக்கே, மயிரிழை இடைவெளியில், நெடுக வெள்ளைக் கோடுகளும் இருந்தன. விறைத்த பட்டு இழைகள் இத்தனை நாளும் தாளின் முதுகில் அழுத்தி அழுத்தி அச்சுப் பக்கம் வரை பதிந்து, பதிந்த இடமெல்லாம் மையை உதிர்த்திருந்தன. பார்கோடின்மேல் பாவு தன் கையெழுத்தைப் போட்டிருந்தது.

ஏகாம்பரம் அதைத் தடவிப் பார்த்தார். "என் பாவு எவ்ளோ சீரா இருக்கு பாரு," என்றார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைக்குக் கொண்டுவந்ததும் மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது போகாதுப்பா."

"அப்ப அனுப்ப வேணாமா மேடம்?"

"போகாதுன்னு தெரிஞ்சாலும் அனுப்பணும். நாம அனுப்பலன்னா தப்பு நம்முது. திருப்பி அனுப்பினா அவனுது." வெள்ளைத்தாள் எடுத்து, நான்கு மூலையிலும் அவரே பசை தொட்டு ஒட்டினார். ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு கடிதமும் எழுதினார். பட்டு, பாவு, உருளை, மழைக்காலம். ஆங்கிலத்தில் அது ஏதோ வேறு கிரகத்துச் சமாச்சாரம் போல இருந்தது. தேவகியைக் கூப்பிட்டுக் காட்டி உறையை மூடினோம். தபால் முத்திரை தேதிக்குள் விழுந்தது.

பொங்கல் கழிந்து உறை திரும்பி வந்தது. பார்கோடின் ஓரத்தில் சிவப்பு முத்திரை: நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் ஒரே சொல், 'டேம்பர்டு'.

தேவகிக்கு நான் போன் செய்வதற்குள் ஏகாம்பரமே ஏதோ வேலையாகப் பஜாருக்கு வந்தவர் கடைக்குள் ஏறிவிட்டார். உறை மேசைமேல் கிடந்தது.

"டேம்பர்ன்னா இன்னா சார்?"

எனக்கு மென்மையான சொல் ஒன்றும் அகப்படவில்லை. "யாரோ அதைத் திருத்தப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம்."

"தில்லுமுல்லுன்னு."

"அப்படித்தான்."

அவர் உட்காரவில்லை. தாளை எடுத்து மேடம் மேசையில் விரித்து, வெள்ளைக் கோடுகளின்மேல் விரலை ஓட்டினார். "மேடம், இது நான் போட்டது இல்ல. இழை போட்டது. ஒரு எடத்துல தாண்டியிருக்கா பாருங்க. ஒரு கோணல் இருக்கா? திருடன் இப்படிக் கோடு போடுவானா? எந்தத் திருடனுக்கு இவ்ளோ பொறுமை இருக்கு?" பிறகு என்னிடம் கையை நீட்டினார். "அந்த நம்பரப் போடுங்க. நான் பேசறேன்."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். எதிர்முனையில் தமிழ் தெரிந்த ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"சார், ஸ்கேன் ஆகலன்னா சிஸ்டம் எடுக்காது சார்."

"அம்மா, நீங்க பட்டுப் புடவை கட்டியிருக்கீங்களா?"

"சார்?"

"கட்டியிருப்பீங்க. கல்யாணத்துக்காவது. அந்தப் புடவை ஒரு உருளையிலருந்துதான் வந்தது. அந்த உருளைக்குள்ள உங்க பார்கோடு இருந்தது. நான் நெய்து எடுத்துக் கொடுத்தேன். கேக்கறீங்களா?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நான் மேலிடத்துக்கு அனுப்பறேன் சார். ஒரு கம்ப்ளைன்ட் நம்பர் தர்றேன், குறிச்சுக்குங்க."

அவர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

போனை வைத்ததும் நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம்தான் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பது? "அப்ப மிஷினு கண்ணமங்கலத்துக்கா?"

"எதுக்கு?"

"கொடுக்கலன்னா போயிடும்னு ஒரு பேச்சு இருந்ததே."

"கொடுக்கலன்னாத்தானே?" என்றார். "அவன் இன்னும் முடிவாச் சொல்லல. மேல அனுப்பியிருக்கான். நான் கேட்டுகினு இருக்கேன். கேஸு நடந்துகினு இருக்கு சார். நடந்துகினு இருக்கும்போது பொருளை எப்படி நகர்த்தறது? என்னை டேம்பர்னு சொன்னவன் பேச்சைக் கேட்டு என் வூட்டுப் பொருளை நான் தூக்குவேனா?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். கிராம்பு உடையும் சத்தம் கேட்டது.

பார்கோடுத் தாளின் நகலை எங்களிடம் கொடுத்துவிட்டு அசலை அவர் எடுத்துக்கொண்டு போனார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அடுத்த பாவு சுற்றும்போது அதற்குள்ளேயே வைத்துவிடுவாராம். "பீரோவை விட அதுதான் சார் பத்திரம். நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

இரண்டு நாள் கழித்து தேவகி தனியாக வந்தாள். மிக்சிக்கு வாஷர் வாங்க. வாங்கிவிட்டு, படிக்குக் கீழே என் மேசைக்குக் குனிந்து வந்தாள்.

"சார், எதிர் வூட்டுத் தறிக்கும் நானே தார் சுத்தறேன் இப்ப. கை நல்லா இருக்கு. தவணை என் கூலியிலயே போயிடும். கம்பெனிக்காரன் பணம் வந்தா சந்தோஷம், வரலன்னா போவுது. ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்க." குரலைத் தணித்தாள். "முடிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவங்க சொல்லிடாம பாத்துக்கங்க."

அதன் பிறகு நான் செய்த க்ளெய்ம் வேலைகளில் இதற்கு இணையான கவனம் எதற்கும் போகவில்லை. கம்பெனியிலிருந்து பதில் வருவதற்குள் மேடம் அடுத்த கடிதத்தை எழுதிவிடுவார். கேள்விக்குக் கேள்வி, விளக்கத்துக்கு விளக்கம். புகார் எண்ணுக்கு ஒரு துணை எண், அதற்கு ஒரு மேல்முறையீடு. எந்தக் கடிதமும் ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியோடு முடியாது. அதில் மேடத்துக்கு அபாரமான கை. எதிர்முனையிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதினார்கள். தவணை முடிந்தது. அந்த மாடலே சந்தையிலிருந்து போனது. தபாலில் அனுப்பும் ஆஃபர்களும் போயின.

நான் வீட்டுக்குப் போவது என்று முடிவானதும், மேடம் என் மேசையில் திறந்து கிடந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்து வைத்தார். தேவகியின் கோப்பை எடுத்தார், அடியிலிருந்து மேலே ஒருமுறை படித்தார், முடிக்காமல் தள்ளி வைத்தார்.

"இது இருக்கட்டும்ப்பா."

பவித்ரா, நீ கேட்டாயே, அனுப்பினால் வந்துவிடுமா என்று. உன் மேசையின் இடது இழுப்பறையில் அது இருக்கிறது. மாதம் ஒரு கடிதம் போட்டால் போதும். எப்படி முடிக்கக்கூடாது என்பதை மேடம் சொல்லிக்கொடுப்பார்.

போன வாரம் சேவூர் பக்கம் போனேன். காரணம் ஒன்றும் இல்லை, கால் நிற்கவில்லை. முன்கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கிழட்டு இருமலோடு. என் வண்டிச் சத்தம் கேட்டதும் குழிக்குள்ளிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தார்.

"சார், இன்னா ஆச்சு நம்ம கேஸு?"

"நடந்துகினு இருக்கு," என்றேன்.

ராட்டைக்கு முன்னால் இருந்த தேவகி நிமிரவில்லை. இழை அவள் விரல்மேல் ஓடிக்கொண்டிருந்தது, எங்கும் மாட்டாமல்.